தயக்கத்தின் பங்கு

அலுவலகத்தில் அவளுக்குத் தசமம் என்று பெயர். பெற்றோர் இட்ட பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிர் வாழ்ந்துகொண்டிருந்தது. தேநீர் சூடாயிருக்கிறதா என்று யாரேனும் கேட்டால், ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை. ஒரு மிடறு அருந்துவாள், சற்றே யோசிப்பாள், பிறகு "புள்ளி ஏழு" என்பாள். வீட்டைப் பூட்டிவிட்டுப் படியிறங்கியபின் மறுபடியும் ஏறிப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். மூன்றாம் முறை இழுத்த பிறகே தெருவில் கால் வைப்பாள். எப்போதும் பென்சிலால்தான் எழுதுவாள். பேனாவால் எழுதுபவர்களை அவள் பார்க்கும் பார்வையில் மரியாதையும் அச்சமும் சமமாகக் கலந்திருக்கும்.

அவளுடைய தங்கை ஒருநாள் வேண்டுமென்றே வம்புக்கு இழுத்தாள்.

"ஏன்க்கா, உனக்கு என்னைப் பிடிக்குமா?"

"புள்ளி ஒம்பது."

"மீதி புள்ளி ஒண்ணு எங்க போச்சு?"

"கேக்காம என் குடையை எடுத்துட்டுப் போய் பஸ்ல விட்டுட்டு வந்தியே, அங்க போச்சு."

இதைச் சொல்லிச் சொல்லியே குடும்பத்தில் பத்தாண்டுகள் சிரித்திருக்கிறார்கள். அந்தத் தங்கைதான் இப்போது மகப்பேறு மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், பதினேழாம் எண் படுக்கையில், அசையாமல் கிடந்தாள். ஏழாம் மாதம், இரத்தப்போக்கு. எழுந்து உட்காரவும் கூடாதென்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவளுடைய கணவன் கப்பலில் வேலை பார்ப்பவன். கரையேற இன்னும் ஐந்து வாரங்கள் இருந்தன. ஆகவே படிவங்களில் கையொப்பமிடும் பொறுப்பு முழுவதும் அக்காளிடம் வந்து சேர்ந்திருந்தது.

மூன்று நாள்களுக்கு முன் நிலம் அதிர்ந்தது. எண்ணிப் பதினோரு நொடிகள். ஊரில் பெரிய சேதம் எதுவும் இல்லை. அலமாரிப் பாத்திரங்கள் உருண்டன, அவ்வளவே. ஆனால் மருத்துவமனையின் பழைய கட்டடத்தில், மாடிப்படிச் சுவரில், மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடியிருந்தது. மின்தூக்கியை அன்றே நிறுத்திவிட்டார்கள். கட்டடத்தில் நாற்பத்தொரு நோயாளிகள் இருந்தனர். அவர்களை அங்கேயே வைத்திருக்கலாமா, அல்லது எதிர்ப்புறத்துப் புதிய கட்டடத்திற்கு மாற்றிவிட வேண்டுமா என்று முடிவு சொல்ல ஐவர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அந்த ஐவரின் கருத்துகளையும் ஒன்றாய்த் திரட்டி ஓர் எண்ணாக்கித் தருவது தசமத்தின் வேலை.

அந்த வேலைக்கு அவளை விட்டால் வேறு ஆளில்லை. உயரமானவர்களைத் தனியே பிரி என்றால், பழைய கணிதம் ஒரு கோடு கிழிக்கும். கோட்டுக்கு அரை விரற்கடை குறைந்தவன் குட்டையன் ஆகிவிடுவான். தசமம் பயின்ற, ஃபஸ்ஸி செட் எனப்படும் தெளிவற்ற கணங்களின் கணிதம் அப்படிக் கோடு கிழிக்காது. இவர் புள்ளி எட்டு அளவுக்கு உயரம், அவர் புள்ளி நான்கு அளவுக்கு உயரம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கைக் கொடுக்கும். அவள் அதை இன்னும் ஒரு படி நீட்டியிருந்தாள். குழுவினர் ஒவ்வொருவரும் இரண்டு எண்கள் எழுத வேண்டும்: "இருக்கலாம்" என்பதற்கு ஒன்று, "இருக்கக்கூடாது" என்பதற்கு மற்றொன்று. இரண்டையும் கூட்டினால் ஒன்று வரவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. குறைகின்ற மிச்சம் எவ்வளவோ, அவ்வளவும் அவருடைய தயக்கம்.

குழுவினர் தம்முள் பேசிக்கொள்ளாமல் தனித்தனியே சீட்டில் எழுத வேண்டும் என்ற விதியையும் அவள்தான் வகுத்தாள். உரத்த குரலுடையவர் மெல்லிய குரலுடையவரை விழுங்கிவிடக் கூடாது என்பது அவள் எண்ணம். சீட்டுகளில் பெயர் இராது, எண் மட்டுமே இருக்கும். முடிவு வெளியாகும் வரையில் எந்த எண் யாருடையது என்று அவளும் பார்ப்பதில்லை.

தங்கை அங்கே இருப்பதை அவள் மறைக்கவில்லை. குழுத் தலைவரிடம் முதல் நாளே சொல்லிவிட்டாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தவாறே சிரித்தார்.

"நீங்க கணக்குத்தானேம்மா போடறீங்க? ஓட்டா போடறீங்க?"

மூன்றாம் நாள் காலை, சீட்டுகள் வருவதற்கு முன் அவள் மூன்றாம் மாடிக்கு ஏறினாள். விரிசல் ஓடிய சுவரைத் தொடாமல், படியின் மறுபக்கமாகவே ஏறினாள். தன் காலடியில் சுவர் அதிர்ந்துவிடுமோ என்று அஞ்சிப் பாதத்தை மெத்தென்று வைத்தாள். அது பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அப்படியே வைத்தாள்.

பதினேழாம் படுக்கையருகே சிறு மேசைமேல் ஒரு குவளையில் தண்ணீர் இருந்தது. தாழ்வாரத்தில் மருந்து வண்டி ஒன்று உருண்டு போயிற்று. தண்ணீரில் வளையம் எழுந்து அடங்கியது. தசமம் அதையே பார்த்தாள்.

"அந்தக் குவளையை ஏன்க்கா அப்படி முறைக்கிற? அது என்ன பண்ணுச்சு உன்னை?" என்றாள் தங்கை, தலையைத் தூக்காமலே.

"ஒண்ணுமில்லை. தூங்கினியா?"

"எங்க தூங்கறது? உள்ள இருக்கறது உதைச்சுக்கிட்டே இருக்கு. அப்பன் மாதிரி, ஒரு இடத்துல நிக்காது." சிரித்தவள், உடனே குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, நம்மளை எறக்கப் போறாங்களா? நர்ஸுங்க பேசிக்கிட்டாங்க. பெரிய டாக்டரம்மா நேத்து வந்து கையைப் புடிச்சுக்கிட்டு, இப்ப உன்னை அசைக்கறது நல்லதில்லைம்மான்னு சொன்னாங்க. ஸ்ட்ரெச்சர்ல படிவழியா எறக்கினா குழந்தைக்கு ஆபத்தாம். எனக்குப் பயமா இருக்குக்கா. எறக்க வேணாம்னு சொல்லிடேன்."

"நான் சொல்றது இல்லடி. கணக்கு சொல்லும்."

"உன் கணக்கை நீ சொல்றபடி கேக்க வை. என் குடையெல்லாம் எடுத்துக்கோ."

தசமம் அவள் நெற்றியைத் தடவினாள். கை சில்லிட்டிருந்ததைத் தங்கை கவனித்தாள்.

பதினொரு மணிக்குச் சீட்டுகள் ஐந்தும் வந்தன. அலுவலகமாக மாற்றப்பட்டிருந்த நூலக அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, அவள் அவற்றை வரிசையாக வைத்தாள். முதற்சீட்டு: இருக்கலாம் புள்ளி ஏழு, கூடாது புள்ளி இரண்டு. அடுத்தது புள்ளி ஆறும் புள்ளி மூன்றும். மூன்றாவது புள்ளி எட்டும் புள்ளி ஒன்றும். நான்காவது புள்ளி இரண்டும் புள்ளி ஒன்றும். கடைசியில் புள்ளி நான்கும் புள்ளி ஐந்தும்.

பென்சில் தானாக ஓடிற்று. ஒவ்வொருவருடைய தயக்கத்தையும் அவரவர் எழுதிய இரண்டு எண்களின் விகிதத்திலேயே பிரித்துச் சேர்க்க வேண்டும். பிறகு ஐவருக்கும் சராசரி காண வேண்டும். புள்ளி ஆறுக்கு மேல் வந்தால் நோயாளிகள் அங்கேயே இருக்கலாம். கணக்கு புள்ளி ஆறு ஒன்பதில் வந்து நின்றது.

அவள் மூச்சு விட்டாள். மூன்று நாள்களாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் எழுந்து வெளியே போனதுபோல் இருந்தது. தங்கையை அசைக்க வேண்டியதில்லை. படி இல்லை, ஸ்ட்ரெச்சர் இல்லை. அறிக்கைத் தாளை எடுத்துத் தேதியை எழுதினாள்.

வழக்கமாக மூன்று முறை சரிபார்ப்பவள், அன்று ஒருமுறைதான் பார்த்திருந்தாள். அந்த எண்ணம் இப்போதுதான் தோன்றியது. பூட்டை இழுத்துப் பார்க்காமல் தெருவுக்கு வந்துவிட்டவள்போல் உடனே திரும்பிச் சீட்டுகளை மறுபடி எடுத்தாள்.

நான்காம் சீட்டின் ஓரத்தில் கட்டைவிரல் ரேகை ஒன்று சாம்பல் நிறத்தில் படிந்திருந்தது. மை அன்று, சிமெண்டுத் தூள். குழுவில் அப்படிக் கை உடையவர் ஒருவரே. தூண்களைச் சுத்தியலால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டு உள்ளே பழுதுண்டா என்று சொல்லும் முதிய பரிசோதகர். எல்லாரும் அவரைச் சுத்தியலார் என்றே அழைத்தார்கள். மற்ற நால்வரும் வரைபடங்களையும் புகைப்படங்களையும் பார்த்து எழுதியவர்கள். தூண்களைத் தொட்டவர் அவர் ஒருவரே.

தொட்டவர் என்ன எழுதியிருக்கிறார்? புள்ளி இரண்டு, புள்ளி ஒன்று. மிச்சம் புள்ளி ஏழு. பத்தில் ஏழு பங்கு தயக்கம்.

அந்த ஏழு பங்கை அவளுடைய கணக்கு என்ன செய்தது? இரண்டுக்கு ஒன்று என்னும் விகிதத்தில் பிரித்து, பெரும்பகுதியை "இருக்கலாம்" பக்கம் கொட்டிவிட்டது. தெரியாது என்று எழுதிய மனிதரை, மூன்றில் இரண்டு பங்கு சம்மதித்தவராக்கிவிட்டது.

இந்தப் பிரிக்கும் படி அவளுடைய பழைய கணக்கில் இல்லை. இரண்டாண்டுகளுக்கு முன் இதே தலைவர், "நாங்க முடிவு கேட்டோம், நீங்க தயக்கத்தைக் கொண்டாந்து வைக்கறீங்களே! ஒரே ஒரு எண் குடுங்கம்மா" என்று கூட்டத்தில் சிரித்தபோது, எல்லாரும் சிரித்தபோது, வெட்கி வீட்டுக்குப் போய் ஒரே இரவில் அவள் சேர்த்த படி அது. அதன்பின் எல்லாரும் அவளைப் பாராட்டினார்கள்.

அவள் பென்சிலை வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

சுத்தியலார் வாயிலுக்கு அப்பால், மதிலோரத்து மரத்தடியில், சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழ முயன்றார்.

"உக்காருங்கய்யா. புள்ளி ரெண்டு, புள்ளி ஒண்ணுன்னு எழுதின சீட்டு உங்களோடதுதானே?"

அவர் திகைத்து இருபுறமும் பார்த்தார். "பேசக்கூடாதுன்னு நீங்கதானேம்மா சட்டம் போட்டீங்க?"

"நான்தான் போட்டேன். இப்ப நானே கேக்கறேன். ஏன் அவ்வளவு மிச்சம் வச்சீங்க?"

"அடித்தளத்துல இருபத்து நாலு தூணு. இருபத்து மூணு தட்டினேன். எல்லாம் கணீர்னு சத்தம் குடுத்துச்சு. இருபத்து நாலாவதைச் சுத்திச் செங்கல் சுவர் எழுப்பி மூடிட்டாங்க, எந்தக் காலத்துலயோ. தட்டாத தூணுக்கு நான் எப்படிம்மா சத்தம் சொல்றது? சொல்ல முடியலை, அதான் விட்டுட்டேன்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யாரு கேட்டாங்க? சீட்டுல ரெண்டு கட்டம்தானே இருந்துச்சு. தூணுக்குன்னு கட்டம் ஒண்ணும் இல்லையே."

பிறகு, ஏதோ ஒன்று உறுத்தியதால் கேட்டாள்: "உள்ள கேன்டீன்ல நல்லா நாற்காலி மேசை இருக்கே. ஏன் வெயில்ல உக்காந்து சாப்பிடறீங்க?"

சுத்தியலார் கையிலிருந்த கவளத்தைப் பார்த்தார். வெட்கப்பட்டவர்போல் சிரித்தார். "மூணு நாளா இப்படித்தாம்மா. வேலை முடிஞ்சதும் கால் தானா வெளிய வந்துடுது. காலுக்கு என்ன தெரியும்னு நானும் திட்டிப் பாத்துட்டேன்."

இருவரும் அடித்தளத்திற்கு இறங்கினர். சலவை அறையைத் தாண்டியதும் வெளிச்சம் குறைந்தது. தூண்கள் தோறும் சுண்ணக்கட்டியால் எண் எழுதியிருந்தது. இருபத்து மூன்றாம் தூணைத் தாண்டி, பழைய எக்ஸ்ரே படங்கள் அடைத்த இரும்பு அலமாரிகளுக்குப் பின்னால், ஈரப்பதம் ஏறிய சுவர் ஒன்று நின்றது. அதற்குள்ளேதான் அந்தத் தூண்.

"மேல என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

"நேர் மேல வரவேற்பு. அதுக்கு மேல பிரசவ அறை. அதுக்கு மேல சின்னக் குழந்தைங்க. அதுக்கும் மேல மூணாம் மாடி வார்டு."

அவர் சுவரைத் தட்டினார். தொம் என்றது. சற்றுத் தள்ளித் தட்டினார். மறுபடியும் தொம். "செங்கல் இப்படித்தான் பேசும். இது சுவரோட சத்தம். உள்ள இருக்கறவன் வாயைத் தொறக்கலை."

"சுவரை இடிச்சுப் பாத்தா?"

"பக்குவமா இடிக்கணும். ரெண்டு நாள் ஆகும். அவசரப்பட்டு இடிச்சா அந்த அதிர்ச்சியே..." அவர் முடிக்கவில்லை.

அப்போது மேலே எங்கேயோ ஒரு கதவு அறைந்து சாத்தப்பட்டது. சுவருக்கும் தரைக்கும் இடையே இருந்த சந்திலிருந்து, பெருங்காயச் சிமிழைக் கவிழ்த்தாற்போல், ஒரு சிட்டிகைத் தூள் உதிர்ந்து தரையில் குவிந்தது. சுத்தியலார் குனிந்து அதை விரலில் எடுத்துத் தேய்த்தார். நெடுநேரம் தேய்த்தார்.

"செங்கல் பூச்சா, காங்கிரீட்டா?" என்றாள் அவள்.

"தெரியலைம்மா."

அந்தச் சொல்லைக் கேட்டபோது அவளுக்கு உண்டான அச்சம், தூண் பழுது என்று அவர் சொல்லியிருந்தால்கூட உண்டாகியிராது. பழுது என்றால் ஓடலாம். நல்லது என்றால் இருக்கலாம். தெரியாது என்பதன் கீழே நாற்பத்தொரு பேர் படுத்திருந்தார்கள். இல்லை, அதன் மேலே.

நூலக அறைக்குத் திரும்பிப் பழைய முறையிலேயே கணக்கை மீண்டும் போட்டாள். இம்முறை தயக்கத்தைப் பிரிக்கவில்லை, தயக்கமாகவே வைத்தாள். ஒற்றை எண் வரவில்லை. குறைந்தது புள்ளி ஐந்து நான்கு, கூடினால் புள்ளி ஏழு ஆறு என்று ஓர் இடைவெளி வந்தது. எல்லையாகிய புள்ளி ஆறு அந்த இடைவெளிக்குள்ளேயே கிடந்தது. இருக்கலாம் என்று சொல்லவும் அந்தக் கணக்குக்கு உரிமை இல்லை; கூடாது என்று சொல்லவும் இல்லை.

இரண்டு தாள்களும் மேசைமேல் அருகருகே கிடந்தன. புள்ளி ஆறு ஒன்பது எழுதிய தாள் பார்வைக்கு அழகாயிருந்தது. அது விதிப்படி வந்த எண். குழு ஏற்றுக்கொண்ட முறையில் வந்த எண். நாளைக்கு எது நடந்தாலும் அவளை ஒருவரும் விரல் நீட்டிக் கேட்க முடியாது. அதைவிட, அது தங்கையைப் படுக்கையிலேயே விட்டுவைக்கும் எண். மற்றத் தாளைக் கொடுத்தால் படிவழியே ஸ்ட்ரெச்சர் இறங்கும். ஒவ்வொரு படியிலும் ஒரு குலுக்கல். குழந்தை போய்விட்டால் தங்கை தன் முகத்தில் விழிப்பாளா? புள்ளி எத்தனை?

இடைவெளிக் கணக்கை மூன்று முறை சரிபார்த்தாள். பிறகு இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு, சுத்தியலாரையும் அழைத்துக்கொண்டு, எதிர்ப்புறத்துப் புதிய கட்டடத்தில் இருந்த குழுவின் அறைக்குள் நுழைந்தாள்.

"வாங்க, வாங்க! எண் வந்துடுச்சா?" என்றார் தலைவர்.

"வந்துச்சு. புள்ளி ஆறு ஒம்பது. அதை நான் திரும்ப வாங்கிக்கறேன்."

அவள் இரண்டு தாள்களையும் மேசைமேல் வைத்தாள். நடந்ததை வரிசை பிசகாமல் சொன்னாள். தயக்கத்தைப் பிரித்த படி தன்னுடைய பிழை என்றாள். அந்த எண் தன் தங்கைக்குச் சாதகமாக வந்ததால் சரிபார்க்கவும் மனம் வராமல் போயிற்று என்பதையும் சொன்னாள்.

"அப்ப உங்க புதுக் கணக்கு என்னதான் சொல்லுது?" என்று தலைவர் எரிச்சலோடு கேட்டார். "இருக்கலாமா, கூடாதா?"

"தெரியாதுன்னு சொல்லுது. தெரியாதுங்கறதுல பாதிக்கும் மேல இவரோடது. பேசக்கூடாதுங்கற விதியை இன்னிக்கு எடுத்துடுங்க. இவர் வாயால கேளுங்க."

சுத்தியலார் நின்றபடியே இருபத்து நான்காம் தூணைப் பற்றிச் சொன்னார். நான்கு வரிகளுக்கு மேல் இல்லை. உதிர்ந்த தூளைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். அதை மேசைமேல் விரித்து வைத்தார். முதற்சீட்டை எழுதியிருந்த பொறியாளர் அந்தத் தூளையும் வரைபடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "படத்துல இந்தச் சுவரே இல்லை. இது தெரிஞ்சிருந்தா நான் புள்ளி ஏழு எழுதியிருக்கவே மாட்டேன்" என்றார். மண் நிபுணர் தம் சீட்டைத் திருப்பிக் கேட்டார். தீயணைப்பு அதிகாரி ஸ்ட்ரெச்சர்கள் எத்தனை உள்ளன என்று கைப்பேசியில் கேட்கத் தொடங்கிவிட்டார்.

தலைவர் நெடுநேரம் அந்தச் சிட்டிகைத் தூளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை. "எறக்கிடுவோம்" என்றார்.

மருத்துவமனையின் சார்பில் ஓரமாக அமர்ந்திருந்த பெரிய டாக்டரம்மா எழுந்தார். அறுபதைத் தொட்ட, சிரிக்காத பெண்மணி. தசமத்தின் அருகில் வந்து, மற்றவர் காதில் விழாதபடி பேசினார்.

"நாப்பது பேரை நான் பாத்துக்கறேன். பதினேழாம் படுக்கைதான். உங்ககிட்ட மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லை. படியில எறக்கறப்ப மறுபடி ரத்தம் போக ஆரம்பிச்சா, நம்ம கையில எதுவும் இருக்காது. அவளை மட்டும் மேலேயே வச்சுக்கணும்னாலும் வச்சுக்கலாம். ஒரு நர்ஸும் நானும் கூட இருப்போம். அந்தப் பொண்ணு எறங்க மாட்டேன்னு அழுவா. படிவத்துல கையெழுத்து உங்களோடது. நீங்கதான் சொல்லணும்."

தசமம் சன்னல்வழியே பார்த்தாள். எதிரே மூன்றாம் மாடியில் வரிசையாகப் பன்னிரண்டு சன்னல்கள். கடைசியிலிருந்து இரண்டாவதில் ஒரு குவளையின் விளிம்பு வெயிலில் மின்னியது.

"உறுதியாத் தெரிஞ்சுதான் சொல்லப் போறீங்களா?" என்றார் டாக்டரம்மா, அவள் வாய் திறப்பதைக் கண்டு.

"தெரியாது டாக்டர்" என்றாள் அவள். "எறக்குங்க. பேனா குடுங்க, கையெழுத்துப் போடறேன். தலைமாட்டுப் பக்கம் நான் புடிச்சுக்கறேன்."